குளம்பு சீவுதல், லாடம் அடித்தல்: நெல்லைப் பக்கம் புதிதாகக் குதிரை வாங்கியவர்களுக்கு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போனபோது என்னோடு ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் சுழி பார்த்தார். ஒருவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்னார். இன்னொருவர் நெற்றியைத் தடவிவிட்டு ‘ராசியான உருப்படி’ என்றார். ஒருத்தராவது குனிந்து காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, நான் உட்பட. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்த மூன்றாவது வாரம், அந்தப் பெண்குதிரை வலது முன்னங்காலை ஊன்றவே யோசித்தது. அதைச் சரியாக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. அதில் பாதி, நானே அவசரப்பட்டுச் செய்துவைத்த தப்பைத் திருத்தப் போனது. அந்தப் பாதி உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரைதான் வளரும். ரோமம் முடியும் இடத்தில் முளைப்பது தரையைத் தொடும் முன்நுனிக்கு வந்து சேர 9 முதல் 12 மாதம் பிடிக்கும். ‘ஒரே நாள்ல சரிபண்ணித் தாரேன்’ என்று யாராவது சொன்னால், ஒரே நாளில் முடிவது அவர் கூலி வாங்கும் வேலை மட்டும்தான்.

1. யாரையும் கூப்பிடும் முன் நீங்களே காலைத் தூக்குங்கள்

குளம்பு தோண்டும் கொக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மழுங்கிய பெரிய ஸ்க்ரூடிரைவர் போதும். குதிகால் பக்கத்திலிருந்து முன்நுனியை நோக்கி மண்ணைத் தோண்டி எடுங்கள். அடியில் நடுவே ரப்பர் மாதிரி முக்கோணமாக ஒன்று இருக்கும். அதை ‘ஃப்ராக்’ என்பார்கள். தவளை என்று அர்த்தம், எந்தத் தவளையைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ தெரியாது. அதைச் சுற்றியுள்ள தட்டையான பகுதி ‘சோல்’. வெளியே வளையமாக நிற்பது குளம்புச் சுவர். சுவரும் சோலும் சேரும் இடத்தில் மெல்லிய வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடும். இந்தக் கோட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், லாடம் அடிக்கும்போது எல்லாமே இதை வைத்துத்தான்.

ஃப்ராக்கின் ஓரப் பள்ளங்களில் கறுப்புக் கசிவும் மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றமும் இருந்தால் அது அழுகல். லாயத்தில் சாணியும் மூத்திரமும் சேர்ந்து ஈரமாகவே கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம். இதற்கு லாடம் வேண்டாம், உலர்ந்த தரைதான் வேண்டும்.

நேற்றுவரை நன்றாக நடந்த குதிரை இன்று காலையில் ஒரே ஒரு காலை ஊன்றவே மறுக்கிறதா? அந்தக் குளம்பு மட்டும் சூடாக இருக்கிறதா? உள்ளே சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு முறிந்துவிட்டது என்று பயந்து வீட்டில் அழுகையே நடந்தது. சீழ் உடைந்து வெளியேறியதும் மறுநாளே நடந்த குதிரைகளைப் பிறகு பார்த்தேன். ஆனால் அதைத் திறந்துவிடுவது டாக்டர் வேலை, உங்கள் பேனாக்கத்தியின் வேலை இல்லை.

இரண்டு முன்குளம்பும் சூடாக இருந்து, குதிரை முன்கால்களை முன்னே நீட்டிப் பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து நின்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். அது ‘லாமினைட்டிஸ்’. குளம்புச் சுவரை உள்ளே இருக்கும் எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய திசு அடுக்கு வீங்கிப் பிடிவிடும் நோய். தாமதித்தால் எலும்பு உள்ளேயே திரும்பிவிடும். குளம்புக்கு மேலே முதல் மூட்டான கணுவின் பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக நாடி பட்டும்படாமலும்தான் இருக்கும், இந்த நோயில் ‘திம் திம்’ என்று அடிக்கும். நம் ஊரில் இதற்கு வழக்கமான காரணம் தானியம்: கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, அவிழ்ந்து கிடந்த கொள்ளு மூட்டை, பொங்கலன்று பிள்ளைகள் பிரியமாக ஊட்டிய சர்க்கரைப் பொங்கல். டாக்டர் வரும்வரை நடக்க விடாதீர்கள். ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி உடைத்து, வாளித் தண்ணீரில் போட்டு, நான்கு குளம்பையும் தொடர்ந்து குளிரில் வைத்திருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் இதுதான் பெரிய வைத்தியம். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்.

இவை எதுவும் இல்லாமல் குதிரை அடிக்கடி தடுக்கி விழப் பார்க்கிறது, முன்நுனி செருப்பு மாதிரி நீண்டு குதிகால் தாழ்ந்திருக்கிறது, ஓரம் விரிந்து பிளக்கிறது என்றால், அதுதான் சீவியும் லாடம் அடித்தும் திருத்த வேண்டிய கேஸ். மேற்கொண்டு படியுங்கள்.

2. படம் எடுத்து வையுங்கள்

சிமெண்ட் தரையில் குதிரையை நேராக நிறுத்துங்கள். போனைத் தரையிலேயே வைத்து ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில், முன்னால், பின்னால் ஒரு படம், தூக்கிப்பிடித்து அடிப்பக்கம் ஒரு படம். மொத்தம் பதினாறு. மேலிருந்து எடுத்த படத்தில் கோணம் தெரியாது, பிரயோஜனம் இல்லை.

பக்கவாட்டுப் படத்தில் கணுவிலிருந்து குளம்புவரை இறங்கும் சரிவும், குளம்பின் முன்சுவரும் ஒரே நேர்கோட்டுச் சாய்வில் வர வேண்டும். குளம்புக்கு வந்ததும் கோடு பின்பக்கமாக ஒடிந்து சாய்ந்தால் நுனி நீளம், குதிகால் தாழ்வு. முன்பக்கமாக ஒடிந்து செங்குத்தாக நின்றால் குதிகால் உயரம். இத்தனை டிகிரி இருக்கணும் என்று கோணமானியோடு வருபவரை நம்ப வேண்டாம், ஒவ்வொரு குதிரைக்கும் அதன் கால்தான் அளவு.

3. எக்ஸ்ரே

நொண்டல் இருந்தால் இதைத் தவிர்க்காதீர்கள். சங்கரன்கோவில் ரோட்டில் இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் பெரிய வசதி அதுதான். அன்றைக்குக் குதிரைக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று முந்தின நாளே கேட்டுவிட்டு, காலையில் முதல் ஆளாகப் போங்கள். குளம்பைக் கழுவி, சுரண்டி, பழைய லாடம் இருந்தால் கழற்றிவிட்டுக் கொண்டுபோக வேண்டும். ஒட்டிய கல்லும் ஆணியும் படத்தில் எலும்பு மாதிரி குழப்பும்.

இரண்டு முன்குளம்புக்கும் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். முன்சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் இணையாக ஓடுகின்றனவா, எலும்புக்குக் கீழே சோல் எவ்வளவு கனம் என்ற இரண்டு விஷயமும் அதில் தெரியும். சோல் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சீவுகிறவர் கை அடியில் படவே கூடாது. என் குதிரைக்கு அது குறைவுதான். படம் எடுக்காமலே சீவக் கொடுத்தேன் என்பது அடுத்த தலைப்புக் கதை.

4. ஆளைப் பிடிப்பது: இங்கேதான் எல்லாரும் விழுகிறோம்

நம் பக்கம் லாடக்காரர் என்றால் பெரும்பாலும் மாட்டுக்கு அடிப்பவர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் கட்டி, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடாக அடிப்பார்கள். அந்த வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை. குதிரைக் குளம்பு ஒற்றைக் குளம்பு, லாடம் ஒற்றை வளையம், குதிரையை நிற்கவைத்தே அடிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு தொழில்.

நான் கேட்கத்தான் செய்தேன். “அண்ணாச்சி, குதிரைக்கு அடிச்சுப் பழக்கம் உண்டுமா?”

“மாட்டுக்கு எட்டு அடிக்கிறவனுக்குக் குதிரைக்கு நாலு அடிக்கத் தெரியாதாக்கும்?”

பதில் நன்றாக இருந்ததால் ஒத்துக்கொண்டேன். ஃப்ராக்கைச் சதையோடு சதையாகச் செதுக்கினார், சோலைப் பளபளவென்று வழித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது ஆணியில் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. “புதுசு, அப்படித்தான்” என்றார். கூலி 600 ரூபாய். நான்காம் நாள் சீழ், டாக்டர், மருந்து, கட்டு, மூன்று மாத ஓய்வு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல்.

சரி, குதிரை லாடக்காரருக்கு எங்கே போவது? கோவை, சென்னைப் பக்கம் குதிரையேற்றப் பள்ளிகளில் வேலை செய்பவர்கள் வெளியூருக்கும் வருவார்கள். ஒரு குதிரைக்காக அத்தனை தூரம் வரமாட்டார்கள். வந்தாலும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்களைச் சேருங்கள். நாங்கள் பாளையங்கோட்டையில் இரண்டு, முக்கூடலில் ஒன்று, வள்ளியூரில் ஒன்று, என்னுடையது ஒன்று என்று ஐந்து குதிரை சேர்த்தோம். லாடக்காரர் நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் ஜங்ஷனில் இறங்குவார். ஒரு கார், ஒரு நாள், ஐந்து குதிரை. ராத்திரி அதே ரயிலில் திரும்பிவிடுவார். சீவ மட்டும் நான் கொடுத்தது குதிரைக்கு 800. நான்கு காலுக்கும் லாடத்தோடு 3,000. ரயில், கார், சாப்பாடு ஐந்தாகப் பங்கு.

போனில் பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். படங்களை அனுப்பினால் பார்ப்பாரா? எக்ஸ்ரே பார்த்து வேலை செய்தது உண்டா? ஆறு வாரம் கழித்துத் திரும்ப வருவாரா? மூன்றாவதற்கு மழுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள். ஒரு தடவை மட்டும் வருபவரால் குளம்பைத் திருத்த முடியாது.

5. காகிதங்களும் வண்டியும்

குதிரையை வண்டியில் ஏற்றினால், பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்ற கால்நடை மருத்துவர் சான்றிதழ் வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் இது இருக்கிறது. நொண்டும் குதிரையை ஏற்றும்போது வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால், சிகிச்சைக்குக் கொண்டுபோகிறோம் என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டுதான் பேசும். அதோடு சந்தையில் வாங்கிய விற்பனைச் சீட்டு, ஆதார் நகல், தடுப்பூசி விவரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டி டேஷ்போர்டில் வையுங்கள். விற்பனைச் சீட்டில் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி எல்லாம் எழுதி வாங்குங்கள். சுழிக்கு அங்கேயாவது ஒரு உபயோகம்.

சின்ன யானை வண்டி வேண்டாம். உயரமான பக்கத் தடுப்பு உள்ள பிக்கப் எடுங்கள். தரையில் மணலோ வைக்கோலோ பரப்பாவிட்டால் இரும்பில் குளம்பு வழுக்கும். ஏற்ற இறக்கச் சரிவுப்பலகை இல்லையென்றால் வாழைத்தார் ஏற்றும் மேட்டுக்கு வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஒட்டினால் போதும். இராமையன்பட்டி போய்வர எனக்கு வாடகை 2,500 ஆயிற்று, காத்திருப்பு உட்பட.

6. சீவும் நாள்

பங்குனி, சித்திரையில் நம் ஊர்க் குளம்பு கருங்கல் மாதிரி இறுகிவிடும். கத்தி வழுக்கினால் உங்கள் விரலும் போகும். முந்தின நாள் மாலை ஈரச்சாக்கைக் குளம்பில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். விடிந்ததும் வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். வேப்பமர நிழல், சமதரை, கயிறு பிடிக்க குதிரைக்குப் பழகிய ஒரே ஒரு ஆள். வேடிக்கை பார்க்க வரும் பத்துப் பேரை முதலிலேயே அனுப்பிவிடுங்கள், நெல்லைக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

சோலில் உதிரும் பொருக்கை மட்டும் எடுக்க வேண்டும். ஃப்ராக்கில் தொங்கும் கிழிசலை மட்டும் வெட்ட வேண்டும். நீண்ட சுவரைக் குளம்பு வெட்டும் குறடால் எடுத்து, அரத்தால் மட்டப்படுத்தி, முன்நுனியைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். விரிந்த ஓரத்தை வெளியிலிருந்து அராவலாம். அடியில் இளஞ்சிவப்பு தெரிய ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

உயரமான குதிகாலை ஒரே நாளில் இறக்கச் சொல்லாதீர்கள். காலின் பின்பக்கத் தசைநாண் இழுபட்டு வேறு நொண்டல் வரும். தடவைக்குக் கொஞ்சமாகத்தான். இன்னொன்று: பிறவியிலேயே கால் உள்ளே அல்லது வெளியே திரும்பிய வளர்ந்த குதிரையை, ஒரு பக்கம் மட்டும் அதிகம் சீவி நேராக்கப் பார்ப்பார்கள். வளர்ந்த எலும்பு நேராகாது, மூட்டுதான் தேயும். குட்டியாக இருக்கும்போது, முதல் சில மாதங்களில் செய்ய வேண்டிய வேலை அது.

7. லாடம் வேண்டுமா?

எல்லாக் குதிரைக்கும் வேண்டாம். குதிரைமொழித் தேரிப் பக்கச் செம்மணலில் நடக்கும் குதிரைக்குச் சீவினால் போதும். (பெயரிலேயே குதிரை இருக்கும் அந்த இடத்தில் நான் பார்த்ததெல்லாம் பனைமரம்தான்.) கரிசலிலும் தோட்ட வரப்பிலும்கூட அப்படித்தான். தினமும் தார்ச்சாலையில் வண்டி இழுக்கிறது, பாறையும் சரளையுமான காட்டில் ஏறுகிறது, வளர்வதைவிடத் தேய்வது அதிகம், சோல் மெலிந்து கல் குத்துகிறது, பிளவு மேலே ஏறாமல் பிடித்து நிறுத்த வேண்டும் என்றால் அடியுங்கள். நான் முதல் இரண்டு சீவலுக்கு வெறும் குளம்பாகவே விட்டு, மூன்றாவதில் முன்கால்களுக்கு மட்டும் அடித்தேன்.

அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். லாடத்தைக் குளம்புக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். சின்ன லாடத்தை வைத்துவிட்டு வெளியே நீட்டும் குளம்பை அராவித் தள்ளுவது சோம்பேறி வேலை. லாடத்தின் இரு நுனியும் குதிகால் முடியும்வரை வந்து, கொஞ்சம் அகலமாகவே நிற்கட்டும். குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி விரியும். அதனால்தான் ஆணி குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் போகக் கூடாது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆணி பெரும்பாலும் போதும்.

ஆணி அந்த வெளிர்நிறக் கோட்டுக்கு வெளியே, சுவருக்குள் மட்டும் ஏறி, லாடத்திலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் மேலே சுவரில் வெளிவர வேண்டும். கெட்டியாக ஏறும் ஆணிக்கு ஒரு கணீர்ச் சத்தம் உண்டு. சத்தம் மந்தமாகி ஆணி சுளுவாக இறங்கினாலோ குதிரை காலை இழுத்தாலோ, “புதுசு, அப்படித்தான்” என்ற வசனத்துக்கு இடம் கொடுக்காமல் உடனே பிடுங்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டையில் அயோடின் விட்டு, வேறு ஆணி அடிக்காமல் விடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று டாக்டரிடம் கேளுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் சுலபமாக வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம். லாடம் அடிக்கத் தேதி குறிக்கும் முன்பே அந்த ஊசியைப் போட்டுவிடுவது உத்தமம்.

லாடத்தைச் சூடாக வைத்துப் பொருத்தினால் முடி கருகும் நாற்றத்தோடு புகை வரும். பதற வேண்டாம், அந்த இடத்தில் நரம்பு கிடையாது.

அன்று மாலையும் மறுநாள் காலையும் நடக்கவைத்துப் பாருங்கள், குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள். ஆணி நெருக்கிய வலி சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். ஆள் ரயில் ஏறும் முன் கூலியை முழுதாகக் கொடுத்தாலும், இதற்காகப் போனில் கிடைப்பேன் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. நாள்காட்டி

சீவுவது 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. லாடம் என்றால் 5 முதல் 7 வாரத்தில் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லையே என்று மூன்று மாதம் விட்டார் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர். தேயாதது இரும்பு. குளம்பு அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்து லாடத்தையே முன்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆறு வாரக் கணக்கில் வருடத்துக்கு எட்டு ஒன்பது தடவை வரும். குதிரை வாங்கும் முன் இந்தச் செலவைக் கொள்ளு, தவிட்டோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

கடையில் குளம்பு எண்ணெய் விற்பார்கள். பளபளப்பு வரும், அவ்வளவுதான். குளம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் டாக்டரிடம் பயோட்டின் என்ற வைட்டமின் பற்றிக் கேளுங்கள், நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அதுவும் மேலிருந்து புதிதாக முளைக்கும் குளம்பைத்தான் பலப்படுத்தும். எட்டு ஒன்பது மாதம் கொடுக்க மனசில்லாதவர்கள் ஆரம்பிக்கவே வேண்டாம்.

9. ஐப்பசி, கார்த்திகை

மழை மாதங்களில் அழுகலும் சீழும் வரிசையில் வரும். லாயத்தில் ஒரு மூலையாவது உயர்த்தி, மணல் கொட்டி உலர்வாக வையுங்கள். தினம் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். அழுகல் தெரிந்தால் மயில் துத்தம் 100 கிராமை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கழுவி உலர்த்திய பள்ளங்களில் பஞ்சால் ஒற்றுங்கள். ரத்தச் சதை தெரியும் இடத்தில் மட்டும் படக் கூடாது.

சேறு லாடத்தை உறிஞ்சிக் கழற்றும் காலமும் இதுதான். ஒரு லாடம் காணாமல் போனால் அன்றைக்கே போன வழியில் திரும்ப நடந்து தேடுங்கள். பாதி கழன்று தொங்கினால் மீதி ஆணியையும் பிடுங்கிவிட்டு, குளம்பைச் சாக்கில் சுற்றிக் கட்டி, ஆள் வரும்வரை நிறுத்தி வையுங்கள். ஆறு ஆணியும் கைக்கு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு ஒன்று குறைந்தது. மூன்றாம் நாள் அது பக்கத்துத் தோட்டக்காரர் பைக் டயரில் கிடைத்தது.